பரமண்டலமும் விண்ணுலகமும்

மார்ச் மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை உலக ஜெப நாள். ஆண்டுதோறும் ஒரு நாட்டுப் பெண்கள் எழுதித் தரும் வழிபாட்டை உலகெங்கும் பல சபைப் பெண்கள் சேர்ந்து அன்று நடத்துகிறார்கள். 2024இல் பாலஸ்தீனப் பெண்களும் 2025இல் குக் தீவுகளின் பெண்களும் எழுதினார்கள். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் மட்டக்களப்பின் புளியந்தீவில் நடந்த அவ்வழிபாட்டுக்கு, பக்கத்து வீட்டுக் கத்தோலிக்க மாமியை அம்மா அழைத்து வந்திருந்தார். கர்த்தருடைய ஜெபத்தை மெதடிஸ்தர்களாகிய நாங்கள் "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே" என்று தொடங்க, மாமி "விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே" என்று தொடங்கி, இரண்டாம் வரியில் குரலைத் தாழ்த்திக்கொண்டார். தேநீருக்கும் அவர் நிற்கவில்லை. கத்தோலிக்கர் மாதந்தோறும் முதல் வெள்ளியில் காணும் பூசை அன்று அவருக்கு இருந்தது. தவக்காலமாதலால், இயேசுவின் பாடுகளைத் தியானிக்கும் சிலுவைப் பாதை வழிபாடும் இருந்தது. நாள் குறித்தவர்கள் கத்தோலிக்கப் பெண்களின் நாட்காட்டியைப் பார்க்கவில்லை போலும்.

இந்தச் சபைப் பிரிவுகள் நாமாக உண்டாக்கியவை அல்ல, கப்பலில் வந்தவை. 1814இல் வெஸ்லியன், அதாவது மெதடிஸ்த, மிஷனரி வில்லியம் ஓல்ட் மட்டக்களப்புக்கு வந்து, எட்டு மாதங்களில், 1815 ஏப்ரலில் இங்கேயே இறந்தார். போர்த்துக்கேயர் காலத்திலிருந்தே இருந்த கத்தோலிக்கத்தைப் பிற்காலத்தில் பிரெஞ்சு இயேசு சபையினர் வளர்த்தார்கள். நம்மில் பலர் எந்தச் சபை என்பது கோட்பாட்டை ஆராய்ந்து எடுத்த முடிவல்ல. பாட்டனார் எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தார் என்பதைப் பொறுத்தது.

ஒற்றுமைக்கான நெருக்குதலும் மிஷன் களத்திலிருந்தே எழுந்தது. 1910ஆம் ஆண்டு எடின்பரோ மிஷனரி மாநாட்டில் ஏறத்தாழ 1,200 பேராளர்கள் கூடினார்கள். கத்தோலிக்கர் அதில் இல்லை, ஆசியர்கள் இருபது பேர்கூட இல்லை. அந்தச் சிலரில் ஒருவரான திருநெல்வேலித் தமிழர் வே. ச. அசரியா, நீங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், எங்களுக்கு நண்பர்களையும் தாருங்கள் என்று மிஷனரிகளின் முகத்துக்கு நேரே கேட்டார். மாநாட்டின் தொடர்ச்சியாக 1921இல் சர்வதேச மிஷனரி மன்றம் உருவானது. 1961இல் அது, பல நாட்டுச் சபைகளின் கூட்டமைப்பான உலகத் திருச்சபை மன்றத்தோடு இணைந்தது. கத்தோலிக்கத் தரப்பின் கதவு இரண்டாம் வத்திக்கான் சங்கம் கிறிஸ்தவ ஒன்றிப்பைப் பற்றி 1964இல் வெளியிட்ட ஆணையோடு திறந்தது; தமிழில் அதன் பெரிய விளைவு, கத்தோலிக்கரும் கத்தோலிக்கரல்லாத சபையினரும் சேர்ந்து மொழிபெயர்த்து 1995இல் வெளிவந்த திருவிவிலியம். ஆனால் எங்கள் ஆலயத்தில் இன்றும் பழைய மொழிபெயர்ப்புத்தான்.

அசரியா கேட்டது எவ்வளவு சரியானது என்பதைச் சுனாமிக்குப் பிறகு கண்டேன். வெளிநாட்டு உதவி சபைவாரியான வாய்க்கால்களில் வந்தது: கத்தோலிக்கருக்கு அவர்களின் உதவி அமைப்பான காரித்தாஸ் வழியாக, எங்களுக்கு எங்கள் உறவுச் சபைகள் வழியாக. ஒரு கரையோரக் கிராமத்தில் ஒரே குடும்பத்தின் பெயர் மூன்று சபைகளின் பட்டியல்களில் இருந்தது. அடுத்த வளவில் இருந்த, எந்தச் சபையிலும் சேராத குடும்பத்தின் பெயர் ஒன்றிலும் இல்லை. எந்தப் பெரிய சபையோடும் சேராத சுயாதீன சபைகளின் வெளிநாட்டுத் தொடர்போ பெரும்பாலும் ஒரு போதகருக்கும் இன்னொரு போதகருக்கும் இடையிலானது என்பதால், அவை எந்த மன்றத்தின் கணக்கிலும் வருவதில்லை.

ஜெனீவாவில் 2010இல் ஆக்ட் கூட்டமைப்பு உருவாகி, பல சபைகளின் உதவி அமைப்புகளை ஒன்றுசேர்த்தது. நல்ல காரியம்தான். ஆயினும் பட்டியல் எழுதப்படுவது ஜெனீவாவில் அல்லவே. கடந்த மாரி வெள்ளத்தின்போது எங்கள் போதகரும் மாமியின் பங்குத்தந்தையும் வீதி வீதியாகச் சேர்ந்து நடந்து, ஒரே கொப்பியில் பெயர்களை எழுதினார்கள். பெயருக்கு எதிரே சபை என்று ஒரு நிரலை அம்மா கோடு போட்டு வைத்திருந்தார். இரண்டாம் பக்கத்துக்குப் பிறகு அதை யாரும் நிரப்பவில்லை.