பொதுத்தேர்வுப் பிள்ளைகளும் மலைக்கு வரட்டும்

பள்ளிப் பிள்ளைகளை மலைநடைக்கு அழைத்துச் செல்வது என் வேலை. எந்தப் பள்ளியில் பேசினாலும் ஆறாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரைதான் பெயர் கொடுப்பார்கள். மேல் வகுப்புகளைக் கேட்டால், "அவர்களுக்குப் பொதுத்தேர்வு சார், எங்கேயும் அனுப்புவதில்லை" என்று பதில் வரும். விளையாட்டுப் பாடவேளையைக்கூடக் கணக்குக்கும் இயற்பியலுக்கும் பறிகொடுத்த வகுப்புகள் அவை. விடிவதற்குள் டியூஷன், இருட்டிய பிறகு சிறப்பு வகுப்பு. மலை யாருக்கு அதிகம் தேவையோ அவர்களை விட்டுவிட்டுப் போகிறோமே என்பது எனக்கு ஆறாத வருத்தம்.

ஒரு தலைமையாசிரியை மட்டும் துணிந்து பிளஸ் டூ மாணவர்களை அனுப்பினார். பெண் பிள்ளைகளை அனுப்பப் பெற்றோர் தயங்கியபோது, இரண்டு ஆசிரியைகளுடன் தாய்மார் சிலரையும் உடன் வரச் செய்தார். வனத்துறை அனுமதியோடு கொடைக்கானல் வட்டக்கானலிலிருந்து வெள்ளகெவி என்ற மலைக்கிராமத்துக்கு இறங்கினோம். மோட்டார் சாலை வராத காலத்தில் பெரியகுளம் பக்கமிருந்து கொடைக்கானலுக்கு ஏறிய பழைய பாதைகளில் ஒன்று இது.

மலையில் ஏறுவதைவிட இறங்குவதே கடினம். விரல்கள் ஷூவின் முனையில் இடித்துக்கொண்டே இருக்கும். அதனால் முதல் நாளே கால் நகங்களை வெட்டிவிட்டு வரச் சொல்வேன். செங்குத்தான ஓரிடத்தில் ஒரு மாணவி வேரைப் பிடித்தபடி நின்றுவிட்டாள். முழங்கால்கள் நடுங்கின. இப்படி நிற்கும் பிள்ளைக்கு நான் உடனே கை கொடுப்பதில்லை. ஒரு படி கீழே இறங்கி, விழுந்தால் தாங்கும் தூரத்தில் நின்றுகொண்டு, அடுத்த கால் எங்கே என்று மட்டும் சொல்வேன். பக்கவாட்டில் திரும்பு, சின்ன அடி, எடையை மெல்ல மாற்று. அவள் இறங்குவதற்கு வெகுநேரம் ஆனது. பின்னால் வந்தவர்கள் யாரும் அவசரப்படுத்தவில்லை. இறங்கியவள் திரும்பி மேலே பார்த்தாள். பிறகு அடுத்து வந்தவனுக்கு அந்த வேரைக் காட்டிக்கொடுத்தாள். மதிப்பெண் பட்டியலில் பக்கத்துப் பெயரைப் போட்டியாகவே பார்த்துப் பழகிய பிள்ளைகள் இவர்கள். அதனால்தான் அந்தச் சிறு செய்கை எனக்குப் பெரிதாகத் தெரிந்தது.

வழிகாட்டியாக வந்தவர் வெள்ளகெவிக்காரர். பிள்ளைகள் அவரை அண்ணா என்றே அழைத்தார்கள். பாதையில் கிடந்த சாணத்தைக் குனிந்து பார்த்துவிட்டு, "காட்டுமாடு. ஈரம் காயவில்லை, பக்கத்தில்தான் நிற்கும். பேசாமல் வாருங்கள்" என்றார். அதன்பின் ஒரு முணுமுணுப்புகூட இல்லை.

சோலைக்காட்டு ஓரத்தில் ஒவ்வொருவரையும் தனித்தனியாக, ஆனால் என் கண்ணில் படும்படி உட்கார வைத்தேன். அரை மணி நேரம் ஒரு வேலையும் கிடையாது, செல்பேசியும் கிடையாது. முதலில் நெளிந்தார்கள். கைகள் தாமாகவே சட்டைப்பையைத் தடவின. சற்று நேரத்தில் ஒருவன் மரத்தில் சாய்ந்து தூங்கிவிட்டான், எழுப்பவில்லை. எங்கோ ஓடைப் பக்கம் சீகாரப் பூங்குருவி சீழ்க்கையடித்தது. எழுந்து வந்த ஒரு பையன் என்னிடம், "இவ்வளவு நேரம் யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை சார்" என்றான். குறையாகச் சொல்கிறானோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை, நிம்மதியாகச் சொன்னான்.

வாரத்துக்கு 120 நிமிடமாவது இயற்கைச் சூழலில் கழிப்பவர்களிடம் உடல்நலமும் மனநிறைவும் கூடுதலாக இருப்பதாக, இங்கிலாந்தில் ஏறத்தாழ 20,000 பேரின் தகவல்களைக் கொண்டு செய்யப்பட்ட ஆய்வு 2019-இல் வெளியானது. எது காரணம், எது விளைவு என்று அந்த ஆய்வு அறுதியிட்டுச் சொல்லவில்லை. ஆனாலும் 120 நிமிடம் என்பது ஒரு மாதிரித் தேர்வு எழுதும் நேரத்தைவிடக் குறைவுதானே என்று பெற்றோரிடம் சொல்லிப் பார்க்கிறேன். கேட்கிறார்கள்.

வெள்ளகெவியில் யாரும் காலணி அணிந்து நடப்பதில்லை. வீடுகளுக்கு நடுவிலேயே கோயில்கள் இருப்பதால் ஊரே அவர்களுக்குக் கோயில். எல்லையிலேயே ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு பிள்ளைகள் சில்லென்ற கல்லில் மெல்ல அடிவைத்தார்கள். சாலைக்காகத் தலைமுறைகளாகக் காத்திருந்த ஊர், நோயாளியை டோலி கட்டித்தான் மேலே தூக்கி வந்தார்கள் என்று வழிகாட்டி சொன்னபோது, மருத்துவராக வேண்டும் என்று படித்துக்கொண்டிருந்தவர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டு கேள்வி மேல் கேள்வி கேட்டார்கள்.

பாதுகாப்பைப் பற்றிய பெற்றோரின் அச்சத்தை நான் ஒருபோதும் தட்டிக்கழிப்பதில்லை. 2018 மார்ச் 11-இல் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்றவர்கள் காட்டுத்தீயில் சிக்கி, இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்ததை இந்தத் தொழிலில் இருக்கும் யாரும் மறக்க முடியாது. அனுமதி இல்லாமலும் உள்ளூர் வழிகாட்டி இல்லாமலும் காட்டுக்குள் நான் கால் வைப்பதில்லை. கோடையில் வைப்பதே இல்லை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, புல் காய்வதற்கு முன் கிடைக்கும் இடைவெளி சிறியது. அரையாண்டுத் தேர்வு விடுமுறை பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான் வருகிறது. அதில் இரண்டு நாள் பிளஸ் டூ பிள்ளைகளுக்குத் தாருங்கள் என்று இப்போது ஒவ்வொரு பள்ளியிலும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.