இ2இல் நின்ற இராணி

2023 ஓகஸ்ட் 4, வெள்ளி

நாளைய சதுரங்கச் சுற்றுப்போட்டியில் கரோ-கான் தற்காப்பை யாராவது ஆடினால் விரிப்பதற்கென்று வைத்திருக்கும் பொறியை இன்றிரவும் பலகையில் ஆடிப் பார்த்தேன். வெள்ளையின் இ4க்கு (எழுத்து பலகையின் நெடுவரிசையையும் எண் கிடைவரிசையையும் குறிக்கும்) கறுப்பு சி6 என்று பதில் சொல்லும் இத்தொடக்கத்தை 1886இல் ஆராய்ந்த ஹொரேஷியோ கரோ, மார்க்குஸ் கான் ஆகியோரின் பெயர்களே அதற்கு நிலைத்துவிட்டன. டி4, டி5, என் குதிரை சி3, கறுப்பு இ4இல் வெட்ட, நான் குதிரையால் திருப்பி வெட்டுவேன். கறுப்பு ஒரு குதிரையை டி7இல் வைத்தால், என் இராணி இ2க்கு வரும். பிறகு மற்றக் குதிரையும் யோசனையின்றி எஃப்6க்கு வந்தால், என் குதிரை டி6இல் பாய, ஆறாவது நகர்விலேயே செக்மேட். இ7 சிப்பாயால் அதை வெட்ட முடியாது, வெட்டினால் இராசா என் இராணிக்கு நேரே வெளிப்பட்டுவிடும். ஓடுவதற்கோ இராசாவைச் சுற்றிலும் சொந்தக் காய்களே. 1935இல் ஸ்பெயினின் மயோர்க்காத் தீவில் உலகச் சதுரங்கச் சம்பியன் அலெக்கைன் அமெச்சூர் ஆட்டக்காரர்களை இவ்வழியில்தான் வீழ்த்தினார்.

ஓகஸ்ட் 5, சனி

ஒரு வெற்றி, ஒரு சமநிலை. எவரும் கரோ-கான் ஆடவில்லை. மண்டப வாசலில் படுத்திருந்த மான்கள் (திருகோணமலையில் இதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை) மாலைவரை எழும்பவேயில்லை.

ஓகஸ்ட் 6, ஞாயிறு

எதிரே பதின்மூன்று வயது மதிக்கத்தக்க பாடசாலைச் சிறுமி. முதல் நகர்வே சி6. இராணியை இ2இல் வைத்துவிட்டு, நகர்வுத்தாளில் எழுதுவதுபோல் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் ஏறத்தாழ நான்கு நிமிடம் யோசித்து, டி7இல் நின்ற குதிரையையே எஃப்6க்கு எடுத்தாள். டி6 அவளுடைய இராணியின் காவலுக்குள் வந்தது, பொறி அவ்விடத்திலேயே முடிந்தது. குதிரைகளை மாற்றியபின் நான் எஃப்3இல் குதிரை வைக்க, அவளுடைய மந்திரி ஜி4இல் வந்து அமர்ந்தது. சி3 ஆடி டி4ஐக் காத்திருக்க வேண்டிய நான், எரிச்சலில் எச்3 ஆடி மந்திரியை விரட்டப் பார்த்தேன். அது என் குதிரையை வெட்டியது. நான் இராணியால் வெட்ட, அவளுடைய இராணி டி4 சிப்பாயைச் சாவகாசமாக எடுத்துக்கொண்டது. டி1இலேயே இராணி நின்றிருந்தால் அந்தச் சிப்பாய் போயிருக்காது. அந்த ஒரு சிப்பாய் மிகையால்தான் நாற்பதாவது நகர்வுக்குப் பின் அவளுடைய சிப்பாய் ஒன்று இராணியாக மாறியது.

கைகுலுக்கும்போது, "சேர், இராணி அங்க நிண்டதால உங்கட மந்திரிக்கு வழியே இல்லாமப் போச்சு," என்றாள். மறுக்க முடியவில்லை, எஃப்1 மந்திரி பத்து நகர்வுகள்வரை அசையவேயில்லை. வீட்டுக்கு வந்து, இ2க்குப் பதிலாகக் குதிரையை எஃப்3இல் வைத்து அதே நிலையை மறுபடி ஆடத் தொடங்கியிருக்கிறேன்.