தீர்ப்புக்கு முன்பே இடிக்கிறார்கள்

ஒருவர் மீது வழக்கு என்றால் விசாரணை, சாட்சி, தீர்ப்பு என்று எவ்வளவோ இருக்கிறது. உத்தரப் பிரதேசத்திலும் மத்தியப் பிரதேசத்திலும் அதற்கெல்லாம் முன்பே வீட்டை இடிக்கப் புல்டோசர் வாசலுக்கு வந்தது. மகன் மீது புகார் என்றால் தாயும் குழந்தைகளும் ஏன் தெருவில் நிற்க வேண்டும்?

2024 நவம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் கடிவாளம் போட்டது. 15 நாள் முன்பே பதிவுத் தபாலில் நோட்டீஸ், இடிப்பதை வீடியோ எடுக்க வேண்டும், மீறினால் அதிகாரி தன் கைக்காசில் ஈடு செய்ய வேண்டும். இந்தக் கடைசி வரிதான் எனக்கு முக்கியம். 'மேலிடத்து உத்தரவு' என்று நழுவ விடக் கூடாது.

சரி, ஏற்கெனவே வீட்டை இழந்தவர்கள்? உத்தரப் பிரதேசத்தின் பிரயாக்ராஜில் 2021 மார்ச்சில் தபாலில் நோட்டீஸ் கைக்கு வந்த மறுநாளே வீடுகளை இடித்தார்கள். வீட்டுக்காரர்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் தரச் சொல்லி உச்ச நீதிமன்ற உத்தரவு வந்தது 2025 ஏப்ரலில். அந்த நான்கு வருட வாடகையை யார் தருவார்கள்?