ஹீட்டரிலிருந்து வரும் வெள்ளைத் தூளெல்லாம் சுண்ணாம்பு இல்லை

ஷவர் தலையைக் கழற்றினால் வெள்ளையாக ஏதோ கொட்டுகிறது. உடனே "உப்புத் தண்ணி" என்று முடிவுகட்டி, தண்ணீரிலுள்ள சுண்ணாம்பை நீக்கும் சாஃப்ட்னர் கருவிக்கு விலை விசாரிக்கக் கிளம்பிவிடுகிறோம். அதற்கு முன் ஒரு சின்னச் சோதனை. அந்தத் துணுக்கில் இரண்டைத் தட்டில் வைத்து அரைத் தேக்கரண்டி வினிகர் விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு. நுரைக்காமல் மெல்லக் கரைந்தாலோ, தொட்டால் ஜெல்லிபோல வழுக்கினாலோ, பெரும்பாலும் அது ஹீட்டர் தொட்டிக்குள், தொட்டி துருப்பிடிக்காமல் காக்க வைத்திருக்கும் ஆனோடு கம்பி அரித்து வந்த கசடு. ஒன்றுமே ஆகாமல் கிடந்தால் பிளாஸ்டிக். உள்குழாய் நொறுங்கத் தொடங்கியிருக்கலாம்.

லிட்டருக்கு 60 மில்லிகிராமுக்குள் சுண்ணாம்பு இருந்தால் மென்னீர், 120க்கு மேல் போனால் கடின நீர், 180க்கு மேல் மிகக் கடினம். சிங்கப்பூர்க் குழாயில் பெரும்பாலும் வருவது நீர்த்தேக்கத்து மழைநீரும் ஜொகூர் ஆற்று நீரும் உப்பு நீக்கிய கடல்நீரும்தான். பாறையில் ஊறிய நிலத்தடி நீர் இல்லை. அதனால் படிவு சேரும், ஆனால் மெதுவாகத்தான். இங்கே வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் சாஃப்ட்னர் வீண் செலவு. ஊர்வீட்டு போர்வெல் தண்ணீருக்கு அது தேவைப்படலாம். அங்கேயும், நீரில் கரைந்த எல்லாவற்றையும் மொத்தமாக அளக்கும் டிடிஎஸ் பேனாவைக் காட்டி விற்க வருபவரை நம்ப வேண்டாம். அது சோடியத்தையும் சேர்த்தே காட்டும். சாஃப்ட்னர் சுண்ணாம்பை எடுத்துவிட்டுச் சோடியத்தை விடுவதால், அதைப் போட்ட பிறகும் எண் இறங்காது. கடினத்தன்மைக்கென்று சொட்டுச் சோதனை கிட் தனியாக இருக்கிறது.

உப்பு படிந்தால் கரண்ட் பில் எகிறும் என்பார்கள். கேஸ் பாய்லருக்கு அது சரி, அதில் சூடு புகையோடு வெளியே போய்விடும். தண்ணீருக்குள் மூழ்கிச் சூடாக்கும் மின் எலிமெண்டில் சூடு வேறெங்கே போகும்? எல்லாம் தண்ணீருக்குத்தான். 25 லிட்டரை 28 டிகிரியிலிருந்து 60க்குக் கொண்டுபோக ஏறக்குறைய 0.93 யூனிட் ஆகும், படிவு இருந்தாலும் இல்லாவிட்டாலும். அடி விழுவது எலிமெண்டுக்கு. படிவு மேலோடாக மூடியதும் உள்ளே வெப்பம் ஏறிக்கொண்டே போய், ஒருநாள் உறை வெடித்துத் தண்ணீர் புகும். ஹீட்டரைப் போட்டவுடன் ஆர்சிசிபி (மின்கசிவைக் கண்டு மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழுந்தால் முதல் சந்தேகம் இதுவே. அதற்கு முன்பே தொட்டி கடகடவென்று உறுமும். படிவுக்கடியில் சிக்கிய நீராவி உடையும் சத்தம் அது.

தெர்மோஸ்டாட் 60 டிகிரியில் இருக்கட்டும். அதற்கு மேலே சுண்ணாம்பு வேகமாகப் படியும். ரொம்பக் குறைத்தால் தேங்கிய வெதுநீரில் கிருமி வளரும்.

எலிமெண்டைச் சுத்தம் செய்ய: 20 ஆம்ப் சுவிட்சை அணைத்து, நீர் வரும் வால்வை மூடி, ஆறவிட்டு, வடித்துக் கழற்ற வேண்டும். ஃபால்ஸ் சீலிங்குக்குள் இருக்கும் தொட்டியில் இதை நீங்களே செய்யாமல், உரிமம் பெற்ற பிளம்பரை அழையுங்கள். கூடவே நில்லுங்கள். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் 50 கிராம் சிட்ரிக் அமிலம், அரை மணி நேரம் ஊறினால் போதும். கொதிநீரில் கலக்கக் கூடாது. கால்சியம் சிட்ரேட் சூட்டில் கரையாமல் புதிதாக வெள்ளை படியும். டாய்லெட் கழுவும் ஆசிட் பக்கமே போக வேண்டாம், செம்பை அரித்துவிடும். இரும்புக் கரண்டியால் சுரண்டினால் தொட்டியின் எனாமல் பூச்சு பெயரும். பெயர்ந்த இடத்தில் துரு.

அதே நேரத்தில் ஆனோடு கம்பியையும் வெளியே எடுக்கச் சொல்லுங்கள். தொட்டிக்குப் பதிலாகத் தான் அரிபட்டுத் தேய்வதே அந்த மெக்னீசியக் கம்பியின் வேலை. நடுவில் இரும்புக் கம்பி தெரிந்தால் மாற்றிவிட வேண்டியதுதான். இங்கே தொட்டி ஓட்டையாவது பெரும்பாலும் சுண்ணாம்பால் அல்ல, இதை யாரும் எட்டிப் பார்க்காததால். ஊரில் சாஃப்ட்னர் போட்டவர்கள் இன்னும் அடிக்கடி பார்க்க வேண்டும். அந்த நீரில் ஆனோடு சீக்கிரம் தேயும்.

மூடும்போது பழைய ரப்பர் வளையத்தையே திருப்பிப் போட விடாதீர்கள். தொட்டி நிரம்பி, சுடுநீர்க் குழாயில் காற்றுச் சத்தம் நின்று, தண்ணீர் சீராக வந்த பிறகே சுவிட்ச். வெறும் தொட்டியில் போட்டால் புது எலிமெண்டும் நொடியில் கருகிவிடும்.