மடுவுக்குக் கிட்டப் பிறந்தவனின் ரொறன்ரோச் சபை

ஸ்காபரோவில் வந்து இறங்கிய புதிதில் எனக்கு ஒரு குறையும் இல்லை என்றுதான் ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். இடியப்பம் விற்கிற கடை, தமிழ்ப் பூசை, மன்னார்ப் பக்கத்துச் சனம் எல்லாம் கிட்டவே. நான் தன்பாலீர்ப்பாளன் என்று தெரிந்தும் என்னோடு ஒரே வாங்கில் இருந்து செபிக்க மட்டும் ஒருவரும் இல்லை.

நான் மன்னாரில், மடு மாதா கோயிலுக்குக் கிட்டப் பிறந்தவன். ஆவணித் திருவிழாவுக்குக் காட்டுக்குள் கூடாரம் அடித்திருந்து வளர்ந்தவன். 2008 ஏப்ரலில் சண்டை நெருங்க, மாதாவின் சுரூபத்தைத் தேவன்பிட்டிக்குக் கொண்டுபோனார்கள். எங்கள் இடப்பெயர்வும் அந்த வருடம்தான். பங்கருக்குள் செபமாலை, முள்ளிவாய்க்கால், பிறகு செட்டிகுளத்தில் மெனிக் பாம் முகாம். ஷெல் விழுந்த நாட்களில் என்னைப் பற்றி யோசிக்க நேரமில்லை. முகாமில்தான் அது கனத்தது, தனியாக இருந்து அழக்கூட இடமில்லை. பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். கலியாணம் கட்டினால் சரியாகிவிடும் என்றார் சுவாமியார். அம்மாவும் பிறகு அதையேதான் சொன்னார்.

இங்கே வேலையிடத்து நண்பர் ஒருவர் மெட்ரோபொலிட்டன் கம்யூனிட்டி சேர்ச்சுக்குக் கூட்டிப்போனார். ட்ரோய் பெரி என்ற போதகர் 1968இல் லொஸ் ஏஞ்சல்ஸில் எங்களைப்போன்றவர்களுக்காகத் தொடங்கிய சபை அது. ரொறன்ரோச் சபையின் கதையில் என்னைப் பிடித்து இருத்தியது ஓலைதான். ஊரில் கலியாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள், தடை தெரிந்தவர் எழும்பிச் சொல்லலாம். ஒன்ராறியோச் சட்டத்திலும் அந்தப் பழைய வழக்கம் இருந்தது. ஓலை வாசித்தால் அனுமதிப் பத்திரம் எடுக்கத் தேவையில்லை. போதகர் பிரென்ட் ஹோக்ஸ் 2000 டிசம்பரில் ஒரு பெண் சோடிக்கும் ஒரு ஆண் சோடிக்கும் ஓலை வாசித்து, 2001 ஜனவரி 14இல் மணம் முடித்து வைத்தார். மிரட்டல்கள் வந்ததால் குண்டு துளைக்காத கவசம் போட்டுக்கொண்டுதான் நின்றார். அரசு பதிய மறுத்தது. 2003 ஜூன் 10இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் திருமணங்கள் செல்லும் என்றது. எத்தனை ஓலை கேட்டிருக்கிறேன், எனக்கும் ஒன்று வாசிக்கலாம் என்று அன்றுவரை நினைத்ததில்லை.

ஆனாலும் எனக்கு மாதா வேணும், செபமாலை வேணும். அது கிடைத்தது ஒரு வீட்டின் பேஸ்மென்டில். எங்களைப்போன்ற சிலர் மாதம் ஒருக்கால் கூடுகிறோம். பேசாலை அண்ணை ஒருவர், தென்னிந்தியத் திருச்சபையில் வளர்ந்த யாழ்ப்பாணத்து அக்கா, கோவாக்காரர் ஒருவர். செபம் முடிய சோறும் கறியும். ஆஸ்பத்திரிக்குப் போக, அகதி வழக்குக்குத் துணையாக நிற்க, அம்மாவுக்கு எப்படிச் சொல்வது என்று கதைத்துப் பார்க்க ஆள் இருக்கிறது. என் துணைவரை முதன்முதல் கூட்டிப்போனபோது அண்ணை கேட்டது ஒன்றுதான்: "தம்பி, அவர் சாப்பிட்டவரோ?" சொந்த வீட்டில் எனக்குக் கிடைக்காத கேள்வி அது.

2023 டிசம்பரில் வத்திக்கான், திருமணமாக ஏற்காவிட்டாலும், ஒரேபால் சோடிகளுக்கு ஆசீர் கொடுக்கலாம் என்று அறிவித்தது. போதாது என்றார் அக்கா. எனக்கு அது பெரிய விஷயம், இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

வன்னியில் இருக்கிற பெடியளும் எங்களோடு போனில் கதைக்கிறார்கள். ஒரேபால் உறவைக் குற்றமாக்குகிற, இலங்கையின் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 365ஆம், 365அ பிரிவுகளைச் சொல்லித்தான் அவர்களைப் பயப்படுத்துகிறார்கள். அவற்றைத் திருத்தும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று 2023இல் உச்ச நீதிமன்றம் சொன்னதை அவர்களில் பலர் எங்களிடமிருந்துதான் முதலில் அறிந்தார்கள். அது காணாது, தெரியும். பொலிஸுக்கும் சொந்தக்காரருக்கும் பயந்து இருக்கிற பிள்ளைக்குக் கிட்ட ஒரு வீடு வேணும், கதவு திறக்கிற ஒரு சுவாமியார் வேணும்.

கோடையில் தமிழ்ச் சனம் மிட்லண்டில் இருக்கிற வேதசாட்சிகள் திருத்தலத்துக்கு யாத்திரை போகும். இந்த முறை நாங்களும் ஒரு வான் பிடித்துப் போகிறோம். தனியாக இருக்கிற ஆராவது இருந்தால் வாருங்கள், வானில் இடம் இருக்கு.