கழற்ற முடிந்தது, முறுக்க முடியவில்லை

"கை மடங்குதுல்ல? அப்ப ஒண்ணுமில்ல." எட்டு நாட்களுக்குள் இரண்டு டாக்டர்கள் என்னிடம் சொன்னது இது. இரண்டு பேர் சொன்னதும் தப்பு. என் வலது மேல்கையின் முன்பக்கம் இருக்கும் பைசெப்ஸ் தசையின் கீழ்ப்பக்கத் தசைநாண், அதாவது தசையை எலும்போடு கட்டிப் பிடிக்கிற கயிறு, எலும்பை விட்டே பிய்ந்து வந்திருந்தது. ஆபரேஷன் முடிந்து ஐந்து மாதம் ஆகிறது. கோபம் மட்டும் இன்னும் ஆறவில்லை.

கோவைப் பக்கம் மிக்ஸி, கிரைண்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். வயது 47. ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் ஹோட்டல் கிரைண்டர் ஒன்றைக் கடைப் பையனும் நானும் தூக்கி வண்டியில் ஏற்றினோம். அவன் பக்கம் பிடி நழுவியது. மடக்கிப் பிடித்திருந்த என் வலது கையை மொத்தப் பாரமும் இழுத்து நீட்டிவிட்டது. முழங்கை மடிப்புக்குள் 'டப்' என்று ஒரு சத்தம், இழுத்துக் கட்டிய கயிறு அறுந்த மாதிரி. ஐந்து நிமிடம் கண் இருட்டிக்கொண்டு வந்தது. அப்புறம் வலி குறைந்துவிட்டது. வலி குறைந்ததை நல்ல அறிகுறி என்று நினைத்ததுதான் நான் செய்த முதல் தவறு.

மறுநாள் பக்கத்து ஆஸ்பத்திரி. எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாக இருந்தது. டாக்டர் மடக்கச் சொன்னார், மடக்கினேன். நீட்டச் சொன்னார், நீட்டினேன். தசைப்பிடிப்பு என்று சொல்லி க்ரேப் பேண்டேஜும் வலி மாத்திரையும் கொடுத்து அனுப்பினார். அந்த ஓ.பி. சீட்டை நான் படித்துக்கூடப் பார்க்கவில்லை. பின்னால் அது என்ன பாடு படுத்தியது என்று சொல்கிறேன்.

ஐந்தாம் நாள் கடையைத் திறந்தேன். முன்கையின் உள்பக்கம் முழுக்கக் கன்றிப்போய் நீலமும் மஞ்சளுமாக இருந்தது. பரவாயில்லை என்று ஒரு மிக்ஸியைப் பிரித்தேன். ஸ்க்ரூக்கள் எல்லாம் சுலபமாகக் கழன்றன. திரும்ப மாட்டும்போதுதான் தெரிந்தது, ஸ்க்ரூடிரைவரை இறுக்கிச் சுற்றக் கையில் சத்தே இல்லை. கழற்ற முடிகிறது, முறுக்க முடியவில்லை. கடைச் சாவியைத் திருப்பும்போதும் அதே கதை. மேல்கையைப் பார்த்தால் தசை உருண்டு தோள் பக்கமாக ஏறி நின்றது.

இதை வார்த்தைக்கு வார்த்தை இரண்டாவது டாக்டரிடம் சொன்னேன். பெரிய ஆஸ்பத்திரி, காலை எட்டரைக்கு டோக்கன் போட்டு ஒன்றரை மணிக்கு உள்ளே கூப்பிட்டார்கள். "கழற்ற முடியுது சார், முறுக்க முடியல" என்றேன். அவர் எழுதிக்கொண்டே, பைசெப்ஸ் அறுந்தால் பொதுவாகத் தோள் பக்கம்தான் அறும், இந்த வயதில் அதற்கு ஆபரேஷன் அவசியமில்லை என்று சொல்லி, தோள்பட்டைக்கு எம்.ஆர்.ஐ. எழுதினார். வலிப்பது முழங்கை என்று சொல்லிப் பார்த்தேன். ஸ்கேன் சென்டரிலும் கேட்டேன். சீட்டில் என்ன இருக்கிறதோ அதைத்தான் எடுப்போம் என்றார்கள். 6,500 ரூபாய். தோள் நன்றாக இருக்கிறது என்று ரிப்போர்ட் வந்தது. எட்டாம் நாள் அதைக் காட்டினால், "கை மடங்குதுல்ல?"

பதினோராம் நாள் பிசியோதெரபிஸ்ட் ஒரு அம்மா கடைக்கு வந்தார். சிகிச்சைக்காக வரவில்லை, ரிப்பேருக்குக் கொடுத்த மிக்ஸியை வாங்க வந்தவர்.

"ஏனுங்கண்ணா, இடது கையில முறுக்கறீங்க?"

விஷயத்தைச் சொன்னேன். கழற்ற வருகிறது, முறுக்க வரவில்லை என்றதும் அவர் முகம் மாறிவிட்டது. வலது முழங்கையை 90 டிகிரிக்கு மடக்கி, உள்ளங்கையை என் முகத்தைப் பார்க்கத் திருப்பச் சொன்னார். பிறகு தன் சுட்டுவிரலை முழங்கை மடிப்பில் வெளிப்பக்கமாக, அதாவது கட்டைவிரல் பக்கத்தில் இருந்து கொக்கி மாதிரி உள்ளே விட்டார். முதலில் இடது கையில் செய்து காட்டினார். கொடிக்கயிறு மாதிரி ஒன்று விரலில் சிக்கியது, எனக்கே தெரிந்தது. வலது கையில் விரல் சும்மா உள்ளே போனது. பிடிக்க ஒன்றுமே இல்லை. அரை நிமிட வேலை. ஒரு பைசா செலவில்லை. உள்பக்கமாக விரலை விட்டால் அங்கே இருக்கும் வேறொரு சவ்வு தட்டுப்பட்டு ஏமாற்றிவிடும், வெளிப்பக்கமிருந்துதான் பார்க்க வேண்டும் என்றும் சொன்னார்.

அப்புறம் ஸ்டூலில் உட்கார்ந்து அவர் விளக்கியதை நான் மறக்கமாட்டேன். முழங்கையை மடக்குவது பைசெப்ஸ் மட்டும் இல்லையாம். அதற்கு அடியில் பிரேக்கியாலிஸ் என்று ஒரு தசை இருக்கிறது. மேல்கை எலும்பின் முன்பக்கத்தில் தொடங்கி, முன்கையின் இரண்டு எலும்புகளில் அல்னா என்பதில் போய்ப் பிடிக்கிறது. அல்னா கதவுக் கீல் மாதிரி. மடங்கும், நீளும், சுழலாது. அதனால் உள்ளங்கை எந்தப் பக்கம் பார்த்தாலும் மடக்குகிற பாரம் அதிகமாக விழுவது பிரேக்கியாலிஸ் மேல்தான். கட்டைவிரல் பக்கம் ஓடும் பிரேக்கியோரேடியாலிஸ் மூன்றாவது ஆள். சுத்தியல் பிடிக்கிற நிலையில் அது நன்றாகக் கைகொடுக்கும். ஆக, பைசெப்ஸ் அறுந்துபோனாலும் மற்ற இரண்டும் சேர்ந்து கையை மடக்கிவிடும். நீட்டுவது பின்பக்கத்து ட்ரைசெப்ஸ், அதற்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டு டாக்டர்களும் சோதித்துப் பார்த்தது அறாத தசைகளை.

பைசெப்ஸ் போய்ப் பிடிப்பது இன்னொரு எலும்பான ரேடியஸில். சுழல்கிற எலும்பு அதுதான். உள்ளங்கையைக் கவிழ்க்கும்போது ரேடியஸ் திரும்பி, அந்தத் தசைநாண் பம்பரத்தில் சாட்டையைச் சுற்றிய மாதிரி எலும்பைச் சுற்றிக்கொள்ளும். தசை இழுத்தால் சாட்டை பிரிந்து பம்பரம் சுழல்கிற மாதிரி எலும்பு சுழன்று உள்ளங்கை நிமிரும். வலது கையால் ஸ்க்ரூவை இறுக்குவது இந்த அசைவுதான். கழற்றுவது எதிர்த்திசை. அதைச் செய்வது ப்ரோனேட்டர் டெரஸ் என்ற வேறு தசை. எனக்கு அது பத்திரமாக இருந்தது. கோயிலில் விபூதி வாங்க உள்ளங்கையை நிமிர்த்த முடிந்ததே என்று கேட்டேன். பாரம் இல்லாத வேலைக்கு சுப்பினேட்டர் என்ற சின்னத் தசை போதும், பலம் கொடுத்து முறுக்கத்தான் பைசெப்ஸ் வேண்டும் என்றார். அடம்பிடிக்கிற ஸ்க்ரூவை இறுக்கும்போது எல்லோரும் முழங்கையை மடக்கிக்கொள்வதும் இதனால்தானாம். மடக்கிய நிலையில்தான் பைசெப்ஸுக்கு முறுக்கும் பலம் அதிகம். முப்பது வருஷமாகச் செய்கிற வேலை, ஏன் அப்படிச் செய்கிறேன் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

தோள் பக்கம் அறுந்தால் விட்டுவிடலாம் என்ற பேச்சும் அங்கே தெளிவானது. மேலே பைசெப்ஸுக்கு இரண்டு தலை. நீளத் தலை அறுந்தாலும் குட்டைத் தலை தாங்கிக்கொள்ளும். கீழே இரண்டும் சேர்ந்து ஒரே இடத்தில்தான் பிடித்திருக்கிறது. அப்படியே விட்டால் முறுக்கும் பலத்தில் சுமார் 40 சதவீதமும் மடக்கும் பலத்தில் 30 சதவீதமும் போய்விடும் என்றார். உட்கார்ந்து எழுதுகிறவர் சமாளித்துக்கொள்ளலாம். ஸ்க்ரூடிரைவரால் சாப்பிடுகிறவன் என்ன செய்வது? "நாளைக்கே போங்கண்ணா. மூணு வாரம் தாண்டினா நாண் சுருங்கி மேல ஒட்டிக்கும். இழுத்துக் கட்டறது கஷ்டம்."

பன்னிரண்டாம் நாள் அவர் சொன்ன சர்ஜனைப் பார்த்தேன். அவரும் முதலில் விரலைத்தான் விட்டுப் பார்த்தார். இந்த முறை ஸ்கேன் முழங்கைக்கு. குப்புறப் படுத்து, கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய், முழங்கையை மடக்கி, கட்டைவிரல் மேலே பார்க்க வைத்து எடுத்தார்கள். அப்படி எடுத்தால் தசைநாண் முழு நீளத்துக்கும் தெரியுமாம். முழுக்க அறுந்து மேலே ஏறியிருந்தது. பதினைந்தாம் நாள் ஆபரேஷன் என்று முடிவானது.

அங்கேதான் அந்த ஓ.பி. சீட்டு குறுக்கே வந்தது. கேஷ்லெஸ்ஸுக்கு அனுப்பிய காகிதங்களைப் பார்த்த இன்சூரன்ஸ்காரர்கள், முதல் ஆஸ்பத்திரிச் சீட்டில் 'இடது முழங்கை' என்று இருக்கிறது, ஆபரேஷன் வலது கைக்கு எப்படி என்று திருப்பிக் கேட்டார்கள். எடுத்துப் பார்த்தேன், உண்மைதான். அடிபட்டது எப்படி என்றும் அதில் ஒரு வரி இல்லை. கட்டுப்போட்ட கையோடு பஸ் பிடித்து அந்த ஆஸ்பத்திரிக்குப் போனேன். கவுன்டரில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், எழுதிய டாக்டர்தான் திருத்த வேண்டும், அவர் நைட் டியூட்டி, ராத்திரி வாங்க என்றார். ராத்திரி போனால் டாக்டர் லீவு. மறுநாள் காலை மறுபடி போனால், பழைய சீட்டைத் திருத்த எழுத்தில் விண்ணப்பம் வேண்டுமாம். என்னால் எழுத முடியாது என்று கையைக் காட்டினேன். வரிசையில் நின்ற ஒரு கல்லூரிப் பையன் தானாக முன்வந்து எழுதிக் கொடுத்தான். அப்போதுதான் எக்ஸ்ரே கவரில் 'வலது' என்று அச்சாகியிருப்பது கண்ணில் பட்டது. அதைக் காட்டியதும் மேலே பேச்சில்லை. பத்து நிமிடத்தில் திருத்தி, டாக்டர் கையெழுத்தும் முத்திரையும் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். அதனால் சொல்கிறேன், சீட்டை வாங்கியதும் அங்கேயே நின்று இடதா வலதா, தேதி, அடிபட்ட விதம் மூன்றையும் பாருங்கள். எக்ஸ்ரே கவரைத் தூக்கிப் போடாதீர்கள்.

ஆபரேஷன் ஒரு நாள் தள்ளி, பதினாறாம் நாள் நடந்தது. அது நல்லபடியாக முடிந்தது. ஆறு வாரம் டீ டம்ளருக்கு மேல் எதையும் வலது கையால் தூக்கக்கூடாது என்றார்கள், தூக்கவில்லை. முன்கையின் வெளிப்பக்கம் மணிக்கட்டு வரைக்கும் ஒரு பட்டை மரத்துப்போய் இருந்தது. தசைநாணை ஒட்டியே தோலுக்குப் போகும் நரம்பு ஒன்று இருப்பதால் அப்படி ஆவதுண்டு என்று முன்கூட்டியே சொல்லியிருந்ததால் பயப்படவில்லை. இப்போது உள்ளங்கை அகலத்துக்குக் குறைந்திருக்கிறது.

நான்காவது மாதம் அந்தப் பிசியோதெரபிஸ்ட் அம்மாவின் மிக்ஸியே ஜார் கப்ளர் தேய்ந்து மறுபடி வந்தது. நான்கு ஸ்க்ரூவையும் வலது கையாலேயே முறுக்கி மாட்டிக் கொடுத்தேன். காசு வாங்கவில்லை.

இன்சூரன்ஸில் மற்றதெல்லாம் வந்துவிட்டது. தோள் ஸ்கேன் 6,500 மட்டும் நிற்கிறது. இந்தச் சிகிச்சைக்குச் சம்பந்தமில்லாத ஸ்கேன் என்று எழுதியிருக்கிறார்கள். சம்பந்தமில்லைதான், ஆனால் அதை எழுதியது நான் இல்லை என்று பதில் போட்டிருக்கிறேன்.