புள்ளடி விழாத கட்டம்

கொழும்பில் 14 வருடம் மென்பொருள் எழுதிவிட்டு, வேலையை விட்டு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மெய்யியல் படிக்கப் போனேன். ஊரில், கிளிநொச்சியில், தெரிந்தவர்கள் எல்லோரும் ஏன் என்று கேட்டார்கள். வேலை அலுத்துவிட்டது என்று சொல்லிச் சமாளித்தேன். உண்மையான காரணம் ஒரு படிவம்.

வன்னியில் உதவித் திட்டமொன்றுக்காகக் குடும்ப விபரம் திரட்ட ஒரு செயலி செய்துகொண்டிருந்தோம். ஒவ்வொரு உறுப்பினருக்கும் இரண்டு கட்டங்கள்: உயிருடன் உள்ளார், இறந்துவிட்டார். ஒன்றில் புள்ளடி விழாமல் அடுத்த பக்கம் திறக்காது. அப்படி எழுதியவன் நான்தான். சோதித்துப் பார்க்கப் புதுக்குடியிருப்புப் பக்கம் போயிருந்தேன். ஓர் அம்மா பிள்ளைகளின் பெயர்களை வரிசையாகச் சொல்லி வந்தவர், மூத்த மகனில் நின்றுவிட்டார்.

"உயிரோட எண்டு போட்டால் எங்க எண்டு கேப்பியள். செத்துப்போனான் எண்டு போட எனக்குக் கை வராது தம்பி."

அன்றிரவே ‘தெரியாது’ என்று மூன்றாவது கட்டம் சேர்த்தேன். அரை மணி நேர வேலை. தரவுத்தளக்காரருக்கு இது பழகிய விஷயம். மதிப்புத் தெரியாத இடத்தில் ‘நல்’ (null) என்று வைப்போம். தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்.கியூ.எல்லில் இரண்டு ‘நல்’லும் சமமா என்று கேட்டால் ஆம் என்றும் வராது, இல்லை என்றும் வராது. மூன்றாவது மதிப்பை 1920இலேயே போலந்துத் தர்க்கவியலாளர் லுகாசிவிச் தர்க்கத்துக்குள் கொண்டுவந்துவிட்டார். சரி, தீர்ந்தது என்று நினைத்தேன். மறுநாள் திரையைக் காட்டினேன்.

"தெரியாது எண்டும் இல்லைத் தம்பி. 2009 மே மாதம், சண்டை முடியேக்க, என்ர கையாலதான் அவனை ஆமியிட்டக் குடுத்தனான்."

அவருக்கு ஒன்றும் தெரியாது என்று நானாக எழுதிவைத்திருந்தேன். பதில் சொல்லத் தெரியாமல் பஸ் ஏறினேன். அந்த வெட்கம் போகவில்லை.

பல்கலைக்கழகத்தில் முதல் மாதங்கள் கடினம். ஏ9 வீதியில் விடியவே பஸ், ஆனையிறவு தாண்டும்போது கையில் வாசிப்புக் குறிப்பு. கூடப் படித்த பிள்ளைகள் உயர்தரத்தில் அளவையியலும் விஞ்ஞான முறையும் எடுத்தவர்கள், என்னைவிடத் தெளிவாகப் பேசினார்கள். அப்புறம் ஒருநாள் அபாவம், அதாவது இல்லாமை, பற்றிய பாடம் வந்தது. இல்லாத ஒன்றை இல்லை என்று எப்படி அறிகிறோம்? அருணந்தி சிவாசாரியார் சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரில் அபாவத்தையும் அளவைகளில், அதாவது அறியும் வழிகளில், ஒன்றாக எண்ணிவிட்டு, எல்லாவற்றையும் காண்டல் (நேரில் காண்பது), கருதல் (ஊகிப்பது), உரை (நம்பத்தக்க சொல்) என்ற மூன்றுக்குள் அடக்குகிறார். வேதத்தை விளக்கும் மீமாம்சை மரபில் குமாரில பட்டரின் வழி அபாவத்தைத் தனி அளவையாகவே கொள்ளும். எடுத்துக்காட்டு எப்போதும் குடம்தான்: தரையில் குடம் இல்லை. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. குடம் இருந்திருந்தால் கண்ணில் பட்டிருக்க வேண்டும். இருட்டறையில் குடத்தைக் காணவில்லை என்பதற்காகக் குடம் இல்லை என்று முடிவுகட்ட முடியாது.

அன்று வகுப்பில் மிச்சம் எதுவும் என் காதில் விழவில்லை. அந்த அம்மா இருட்டறையில் விடப்பட்டவர். தேடப் போன கதவுகள் திறக்கவில்லை. ஆகவே ‘இறந்துவிட்டார்’ என்று போட மறுத்ததைப் பிடிவாதம், ஆற்றாமை என்றெல்லாம் சொல்வது தவறு. அது சரியான தர்க்கம். மரணச் சான்றிதழுக்குப் பதிலாக, ஆளைக் காணவில்லை என்பதற்குச் சான்றிதழ் வழங்க 2016இல் சட்டம் வந்தது. அதுவும் ஒரு மூன்றாவது கட்டம்தான். 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் போராட உட்கார்ந்த, காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் கேட்டது கட்டமல்ல, கதவு.

போன தையில் அந்த அம்மாவைத் தேடிப் போனேன். செயலி கொண்டுபோகவில்லை, ஒரு கொப்பிதான். கடைசியாகக் கண்ட இடம், தேடிப் போன இடங்கள், உள்ளே விடாத இடங்கள் என்று மூன்று பக்கங்களுக்குத் தலைப்பு எழுதி வாசித்துக் காட்டினேன். அவர் கொப்பியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவன் அண்டைக்கு நீலச் சேட்டுப் போட்டிருந்தவன். முதல்ல அதை எழுதுங்கோ தம்பி."